தீர்மானம் எண் ஏழு

நோட்டீஸில் பத்தரை மணி.
மேகம் இறங்கிக் கோத்தகிரி பஸ்ஸை மறித்ததால்
பதினொன்றே முக்காலுக்குத்தான் குறைவெண் நிறைந்தது.
தலைகளை எண்ணியவன் நான்.
அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கூட்டுறவுத் தேயிலை ஆலையில்
பத்தொன்பது வருஷமாக எழுத்தர் வேலை.
யார் அழுதாலும் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதுவேன்.
யார் கதவை அறைந்து போனாலும்
அதே சொல்.

முதல் பொருள், பசுந்தேயிலை விலை.
எங்கோ ஒரு கடலில் ஒரு கப்பல் எரிந்தது.
போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.
மறுவாரம் குன்னூர் ஏலத்தில் எங்கள் தூள்
கேட்பாரில்லாமல் திரும்பி வந்தது.
அவ்வளவு தூரத்து நெருப்பு
இங்கே வந்து சேர்ந்தபோது
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைந்திருந்தது.

பெள்ளிராஜ் எழுந்தார்.
"அவனும் இவனும் அடித்துக்கொள்வதில் நமக்கென்ன பாத்தியதை?
நம்ம ஹட்டி, நம்ம தோட்டம், நம்ம இலை.
அதை மட்டும் பேசுங்க."
கைதட்டினார்கள்.
நானும் தட்டியிருப்பேன்,
கையில் பேனா இருந்தது.

பாக்கியசீலிக்கு அரை ஏக்கர்,
பங்கு எண் இருநூற்றுப் பதினாலு.
உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"ரெண்டு தலைநகரம் ஒப்பந்தம் போட்டு
எங்களைப் பங்கு பிரிச்சுக்கிட்டப்போ
எங்கம்மா பதுளையில கொழுந்து கிள்ளிட்டிருந்துச்சு.
எங்கேயோ பேசிக்கிறாங்கன்னுதான் அதுவும் சொல்லுச்சு.
கப்பல்ல ஏறின பிறகுதான் தெரிஞ்சுது,
பேசினது எங்க அடுப்படியைப் பத்தின்னு."
விவாதிக்கப்பட்டது.

ஆதார விலை
தேர்தலுக்குத் தேர்தல் துளிர்க்கும்,
எண்ணிக்கை முடிந்த அன்றே வாடும்.
கொடிகள் வேறு, வாட்டம் ஒன்று.
ஐம்பது சென்ட்காரன் தனியே நின்றால்
ஏஜென்ட் வைத்ததுதான் எடை.
சேர்ந்து நின்றோம், ஆலை வந்தது.
எங்களுக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்,
அதற்கே நாற்பது வருஷம் ஆயிற்று.

இரண்டு முதல் ஆறு வரை பொருள்கள்:
பாய்லர், போனஸ், தணிக்கை, காட்டெருமை, மறுபடி பாய்லர்.

ஏழு.
ஜார்கண்டிலிருந்து வந்து இலை பறிப்பவர்களை
உறுப்பினராக்கலாமா?
விதி 'பட்டா' என்கிறது.
"இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு ரயில் ஏறுவாங்க"
என்றார் ஒருவர்.
அவர் மகன் ஓசூரில், மகள் ஷார்ஜாவில்.
ஐப்பசி மழையில் மேட்டுச் சரிவு இடிந்து
குடிநீர்க் குழாய் புதைந்தபோது
இடுப்பளவு சேற்றில் நின்றவர்கள் யார்
என்று யாரோ கேட்டார்கள்.
கூலி கொடுத்தோமே என்று யாரோ சொன்னார்கள்.
இரண்டும் உண்மை.
ஒத்திவைக்கலாம் என்று தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன்.
எழுத்தர் கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை.

"குறைவெண் அறுபது.
வந்தவர்கள் ஐம்பத்தேழு.
சுவரோரம் நின்ற மூன்று பேரை
சேர்த்து எண்ணிவிட்டேன்."

வாட்டுத் தொட்டியின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
அவர்கள் மூவரும் இல்லையென்றால்
விலையும் செல்லாது, போனஸும் செல்லாது,
காலையிலிருந்து பேசிய ஒரு வார்த்தையும் செல்லாது.

பெள்ளிராஜ்தான் கேட்டார், மெதுவாக:
"அப்போ இவ்வளவு நேரம்
நாம யாரு?"

யாரோ சிரித்தார்கள். ஒருவர் என்னைத் திட்டினார்.
சஸ்பெண்ட் என்ற சொல்லும் காதில் விழுந்தது.

நோட்டுப் புத்தகத்தைச் சுவரோரம் எடுத்துப் போனேன்.
பேர் கேட்டேன். பிர்சமுனி.
முதல் ஒலிக்கு எங்கள் எழுத்தில் தனி இடமில்லை.
'பி' போட்டு வாசித்துக் காட்டினேன்.
அவள் தலையசைத்து மறுத்து
உதட்டை இன்னும் அழுத்தச் சொன்னாள்.
மறுபடி சொன்னேன்.
இன்னும், என்றாள்.

மூன்று மணிக்கு இலை லாரி வந்தது.
தீர்மானம் பாதியில் நின்றது.
இறக்க ஆள் வேண்டும்,
எல்லோரும் எழுந்து போனோம்.