சீழ்க்கை

அபீலியோ வெஷீனாவின் கையெழுத்தில் உப்பு இருந்தது.
உவமைக்குச் சொல்லவில்லை.
அவெய்ரோ அச்சகத்துக்கு அவர் வந்த முதல் நாள்
(படியேறுமுன்பே சீழ்க்கை வந்துவிட்டது)
கட்டை அவிழ்த்ததும்
என் ஈய எழுத்துகளின்மேல் பொடியாக உதிர்ந்தது.
ஊதித் தள்ளினேன். நாக்கிலும் பட்டது.

கப்பல் பேரேட்டுத் தாள்கள்.
முன்பக்கம்: இத்தனை குவிண்டால் காட் மீன்,
இத்தனை மூட்டை உப்பு, இறக்கியவன் கைநாட்டு.
பின்பக்கம்: நாவல்.

பதினான்கு வயதில் மீன்தலை வெட்டப் போனவர்.
பத்தொன்பது கோடை நியூஃபவுண்ட்லாந்து.
நான்கு மணி இருட்டில்
தோணிக்கு ஒருவனாக இறக்கிவிட்டுக்
கப்பல் தள்ளி நிற்குமாம்.
ஆயிரம் முள் கோத்த கயிறு, ஒரு ரொட்டி,
பேச்சுத் துணைக்குத் தன் வாய்.
வலக்கைச் சுண்டுவிரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.
மீதி நான்கால் பேனா பிடித்தார்.

அச்சுக் கோப்பவன் எதையும் தலைகீழாகத்தான் படிப்பான்.
வியாழக்கிழமைதோறும் தொடர்கதை;
கதையில் வாராவாரம் மூடுபனி.
எங்கள் மொழியில் நெவுவெய்ரு.
அதற்கு வேண்டிய ஓர் எழுத்து மூன்றாம் வாரமே தீர்ந்தது.
பக்கத்து அச்சகத்தில் ஒரு பிடி கடன் வாங்கினேன்.
பனி தொடர்ந்தது.

பதின்மூன்றாம் அத்தியாயம்.
தோணி ஒன்று திரும்பவில்லை.
கேப்டன் இரண்டு மணிநேரம் மணியடித்துப் பார்த்துவிட்டுப்
பாய் விரிக்கச் சொல்கிறான்.
பனிக்குள் செஃபெரினோ சீழ்க்கையடிக்கிறான்,
கல்யாண ஊர்வலப் பாட்டு,
பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து.

தணிக்கை அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்.
அவரது நீலப் பென்சில்
மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு
ஒரே கோடு.
வெற்றிடம் விடக்கூடாது என்பது உத்தரவு.
செஃபெரினோ மூழ்கிய இடத்தில்
கந்தகச் சோப்பு விளம்பரம் வைத்தேன்.
அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

கோத்ததைக் கலைக்க மனம் வரவில்லை.
நூலால் கட்டி, பிஸ்கட் டப்பாவில் போட்டு,
மேசைக்கடியில் தள்ளினேன்.

அவன் மனைவி ஒலிந்தா
மீன் உலர்த்தும் களத்திலிருந்து ஏப்ரனோடு வந்தாள்.
"என் புருஷன் எந்த வியாழன் வருகிறான்?"

கதவைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறந்தேன்.
ஈயத்திலிருந்தே படித்துக் காட்டினேன்,
விரலால் தடவித் தடவி.
அவள் அழவில்லை.
கணக்கில் பிழை கண்டவள்போல் நிமிர்ந்தாள்.
"செஃபெரினோவுக்கு முன்பற்கள் கிடையாதே.
வின்ச் கைப்பிடி அடித்து நாலும் போச்சு.
காற்றுதான் வரும், சீழ்க்கை எங்கே?
இது வேற ஆள்."
சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
"இது அபீலியோ."

அதற்குப்பின் அவருக்கு நான்கு நாவல்கள்.
ஒன்றில் கடலே இல்லை, லிஸ்பனில் ஒரு பொத்தான் கடை.
என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நாவல்;
இருநூறு பிரதிகூடப் போகவில்லை.
அலை போடுங்கள் என்றார் பதிப்பாளர்.
போட்டார்.
தொலைக்காட்சியில் கம்பளித் தொப்பி வைக்கச் சொன்னார்கள்.
ஆகஸ்ட் மாதம். வைத்துக்கொண்டார்.

எழுபத்துநான்கு ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது.
முழு நாவலையும் புத்தகமாகப் போட
டப்பாவைத் தேடி வந்தார்.
பதினெட்டு வருடம் வைத்திருந்த பல் விஷயத்தை
அன்றுதான் சொன்னேன்.
"திருத்திவிடவா? ஒரு வரிதான்."

ஈயக் கட்டை மடியில் வைத்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
உதடு குவிந்தது.
பிறகு குவியவில்லை.
"அவன் துடுப்பால் பலகையைத் தட்டினான்.
எனக்குக் கேட்டது.
என் தோணி நிறைய மீன்."

திருத்தச் சொல்லவில்லை.
புத்தகத்தில் சீழ்க்கைதான் இருக்கிறது,
நாற்பத்தோராம் பக்கம், எழுத்துப்பிழை ஒன்றோடு.

மறுவாரம் பிழைதிருத்தப் படி பார்க்க வந்தார்.
படியில் சத்தமே இல்லை.
எப்போதும் திறந்துதான் கிடக்கும் என் கதவை
மூன்று முறை தட்டினார்.