தொண்ணூறு பந்தும் ஒரு பந்தும்

ஒஷாவாவின் தென்கோடியில்
காற்றை ஊதி நிமிர்த்திய வெள்ளைக் கூடாரம்.
வெளியே மைனஸ் பதினெட்டு.
உள்ளே பதினாறு டொலருக்கு
ஒரு வாளி பந்து.

வாளிக்குத் தொண்ணூறு என்கிறார்கள்.
நான் எண்ணிப் பார்த்ததில்லை.
எண்ணத் தேவையில்லை என்பதுதான் அங்கே சுகம்.
ஒன்று கோணலாய்ப் போனால்
அது தரையைத் தொடுமுன்னே
மட்டை நுனியால் அடுத்ததை உருட்டிக்கொள்ளலாம்.
பச்சை ரப்பர்ப் பாய் இரக்கமுள்ள பாய்.
பந்துக்கு ஓரங்குலம் பின்னே வெட்டினாலும்
வழுக்கி முன்னே தள்ளி
சரி போ என்று விட்டுவிடும்.
மணிக்கட்டு மட்டும் இரவில் உண்மை சொல்லும்.

கூண்டு பூட்டிய வண்டியொன்று
எல்லாப் பிழைகளையும் பொறுக்கிப் போகும்.
எது யாருடையது என்று
அதற்கும் தெரியாது.

அந்தப் பனிக்காலம் முழுக்க
பந்தோடு ஒரு வசனமும் பழகினேன்.
குலேந்திரன், நான் கடையில இருந்து விலகப் போறன்.
மட்டை மேலே போகையில் குலேந்திரன்,
கீழே வருகையில் விலகப் போறன்.
ஒன்பது வருசக் கூட்டு:
ஒரு ரயர்க் கடை, கார் தூக்கும் இரண்டு லிஃப்ட்,
இருவர் பேரிலும் ஒரு கடன்.
அறுபதாவது பந்துக்குள்
குரல் நடுங்காமல் வரத் தொடங்கியது.
ஏழாம் நம்பர் மட்டை நேராய்ப் பேசியது.
நூற்றைம்பது என்று எழுதிய தகரம்
டங் என்றது.
பக்கத்துப் பாயில் கொரியப் பெடியன்
காதில் இருந்ததைக் கழற்றித் தலையாட்டினான்.

வைகாசியில் மைதானம் திறந்தது.
முதல் குழியில், முதுகுக்குப் பின்னே
நால்வர் தங்கள் முறைக்குக் காத்து நிற்க
என் கையில் ஒரே ஒரு பந்து.
ஒரு பந்து இவ்வளவு பாரமா?

இந்த நிலம் எங்கேயும் பாய் இல்லை.
இடக்கால் மேட்டில்,
வலக்கால் வாத்துப் போட்ட எச்சத்தில்.
ஏரிக் காற்றைப் பற்றிக்
கொடி ஒன்று சொல்கிறது, மரம் வேறு சொல்கிறது.
அடித்து முடித்தால், எனக்கு எவரும் சொல்லாதது இது,
நடக்க வேண்டும்.
உன் பிழை எங்கே விழுந்ததோ அங்கே
உன் கால்களாலேயே,
வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு.
போய், அது கிடக்கிற கிடையில்
அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

நான்காம் குழியில் சொல்ல நினைத்தேன்.
மகளின் பல்லுக்குப் போட்ட கம்பி
என்ன விலை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.
ஐந்தில் அவன் அடித்த அடி
கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.
அந்த முகத்தைக் கெடுப்பானேன்?
ஆறில் பற்றிஸ் சாப்பிட்டோம்.
ஏழில் அவன் குனிந்து டீ குத்தும்போது
"கடையை நீ தனியப் பார்ப்பாய்தானே" என்றேன்.
பழகியது இந்த வசனம் இல்லை.

கூடாரத்தில் எவரும் நிமிர்ந்து
"எப்ப இருந்து?" என்று கேட்டதில்லை.
அவன் கேட்டான்.
நான் என் பந்தை அடித்தேன்.
அது வலப்பக்கம் வளைந்து, இன்னும் வளைந்து
ஊசியிலை மரங்களுக்குள் போனது.

மூன்று நிமிடம் தேடலாம் என்பது விதி.
அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
மட்டையால் சருகைக் கிளறியபடி.
அந்த நால்வர் தொலைவில்
இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.
"தை மாசத்தில இருந்து" என்றேன் ஒரு மரத்திடம்.
மரத்துக்கு அப்பால் சருகுச் சத்தம் நின்றது.
பிறகு மறுபடி கேட்டது.

"இஞ்ச ஒண்டு கிடக்கு. உன்ர என்ன நிறம்?"
வெள்ளை, நீலப் புள்ளி.
அவன் கையில் இருந்தது மஞ்சள்;
போன வருசம் யாரோ தொலைத்தது.
சட்டையில் துடைத்துப் பொக்கற்றில் போட்டான்.
"ரெண்டு அடி கூட்டிப் போடு" என்று
அட்டையையும் பென்சிலையும் நீட்டினான்,
என் முகத்தைப் பாராமல்.

இந்தக் குழி இன்னும் முடியவில்லை.
இதற்குப் பிறகு பதினொன்று.