விழுந்த திசை

நாற்பது நாள் காவல் இருந்த காற்றுமானி
பள்ளிக்கூட மொட்டைமாடியில்.
இடிமழை மூன்று கிலோமீட்டர் தள்ளி
அஞ்சலாட்சியின் வாழைக்கொல்லையில் இறங்கியது.
கருவி காட்டிய வேகம் மணிக்குப் பத்தொன்பது,
சைக்கிளில் போகிறவன் முகத்தில் படுகிற காற்று.
மதியம் விட்ட பலூன் மட்டும்
‘கீழே வறட்சி, மேலே ஈரம்’ என்று
சேதி அனுப்பியிருந்தது.
எந்த ஊரில் என்று பலூனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை ராமாபுரம்.
கேப்பர் மலைச் செம்மண் செருப்பில் அப்ப,
திசைகாட்டியும் சாக்பீஸுமாக
மரம் மரமாகப் போனோம் ரிஸ்வானும் நானும்.
தார் தள்ளியதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது,
தன் பாரத்துக்கே சாய்ந்திருக்கும்.
இளங்கன்றுதான் பொய் சொல்லாது.

“வி.ஏ.ஓ. வந்து எத்தனைன்னு கேட்டுட்டுப் போனாரு,
நீங்க எந்தப் பக்கம்னு கேக்கறீங்க”
என்றாள் அஞ்சலாட்சி.

காற்று மேற்கேயிருந்து வந்தது என்றார்
கிழக்குக் கொல்லைக் கலியபெருமாள்.
கடல் பக்கமிருந்து என்றார் மேற்கு வேலிக்காரர்.
ராத்திரியே இதற்கொரு சண்டை முடிந்திருந்தது.

நூற்றெழுபதாவது மரத்தில்
ரிஸ்வான் காகிதத்தைத் திருப்பிக் காட்டினான்.
அம்புகள் அத்தனையும்
ஒரு புள்ளிக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டிருந்தன.

அந்தப் புள்ளியில் போய் நின்றோம்.
கவிழ்த்த பஞ்சாரம், உள்ளே கோழி.
கொடியில் நனைந்த பாவாடை, கிளிப்போடு.

நேற்று நாலு மணிக்கு இதற்கு நேர் மேலே
கடற்காற்றும் மேல்காற்றும் முட்டி
காலிஃப்ளவராய்ப் பொங்கிய மேகத்திலிருந்து
மழை பாதி வழியிலேயே உலர்ந்து,
உலர்ந்த மழை காற்றைக் குளிர்த்தி,
குளிர்ந்த காற்று கனத்து,
கனத்தது கைநழுவி
இங்கேதான் விழுந்தது,
கவிழ்ந்த குடத்துத் தண்ணீர்
நாலாபக்கமும் ஓடுகிற மாதிரி.

ஆக இரண்டு பேர் சொன்னதும் சரி.
கலியபெருமாளிடம் சொன்னேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

“அடுத்த தரம் முன்னாலயே சொல்லிடுவீங்களா?”
“பத்து நிமிஷம் முன்னால... முடியலாம்.
நிச்சயமாச் சொல்ல முடியாது.”
கொட்டகை இருந்த இடத்தைப் பார்த்தாள்.
தகரம் மடிந்து கிடந்தது,
அதனடியிலிருந்து ஒரு முழம் கயிறு.
“பத்து நிமிஷம் போதும்.
ஆட்டை அவுத்து விட்டிருப்பேன்.”

ரிஸ்வான் பேனாவை மூடி, மறுபடி திறந்தான்.
தெற்கே இன்னும் நாற்பது மரம் பாக்கி.
நூற்றெழுபத்தொன்று.
சாய்வு தென்கிழக்கு. தார் இல்லை.