வழுவழுப்பு

மரியெட்டாவில், கோல்டர் வீட்டுப் பின்புறத்தில்,
ஆர்லோ ஸ்டக்கி கம்பியைத் தரையில் குத்திப் பார்க்கிறான்.
களிமண் என்றால் கம்பி முரண்டுபிடிக்கும்.
சாம்பல் என்றால் சும்மா இறங்கும்.
கண்ணாடி என்றால் ஒரு சின்ன 'கிண்'.
அதை மணிக்கட்டால்தான் கேட்க வேண்டும்.

நூற்றைம்பது வருடத்துக் கக்கூஸ் குழி.
மூக்கைப் பொத்த வேண்டாம்,
ஓஹையோவில் இதைவிட நல்ல மண் கிடையாது.

ஐந்தடியில் விதைகள் வந்தன.
தக்காளி, ராஸ்பெர்ரி, பூசணி.
யாரோ ஒரு குடும்பம் தின்று தீர்த்த கோடைக்காலம்
சல்லடையில் ஒரு கைப்பிடி தங்கியது.
ஆறடியில் குப்பிகள்.

கல்லீரலுக்கு ஒன்று.
நரம்புக்கு ஒன்று.
'பெண்களின் சகல சோர்வுக்கும்' என்று எழுத்துப் புடைத்த
வெளிர்பச்சைக் குப்பி, கழுத்து கோணல்,
தோளில் ஒரு காற்றுக் குமிழி.
ஊதியவன் அன்று காலையில் என்ன குடித்திருந்தானோ.

அப்புறம் நீலம்.
ஆர்லோ குழிக்குள்ளிருந்து கத்தினான்,
தெருவில் போன நாய் நின்று பார்த்தது.
விஷக் குப்பி. உடம்பெல்லாம் வரிவரியாக மேடு.
விளக்கில்லாத ராத்திரியில் இருமல் மருந்தென்று எடுத்தாலும்
வாய்க்குப் போகுமுன்
விரல் படித்துவிட வேண்டும்.
செய்தவனுக்கு மனிதர்மேல் கரிசனம் இருந்திருக்கிறது.

அதற்கடியில் இவை.
மிஸஸ் ஹேலட்டின் அமைதிச் சாறு,
பல் முளைக்கும் குழந்தைக்கு.
சர்க்கரைப் பாகு, கொஞ்சம் சாராயம், மீதி அபின்.
ஒரே அடுக்கில் பதினொன்று.
தொட்டால் சோப்பைப் போல நழுவும் வழுவழுப்பு.
மேலே ஒரு சாண் சுண்ணாம்பு.
சுண்ணாம்புக்கு மேலே
அந்தச் சாறு ஒன்றுகூட இல்லை.

"பல் முளைத்துவிட்டது போல" என்றான் ஆர்லோ.
இருக்கலாம்.

தார்ப்பாயில் பரப்பிவிட்டுக் காசு சுண்டினோம்.
வீட்டுக்காரி ப்ரியானாவுக்கு முதல் உரிமை,
அவள் மூடியில்லாத மை புட்டியை எடுத்துக்கொண்டாள், அழகாக இருக்கிறதாம்.
ஆர்லோ நீலத்தை எடுத்தான்.
கொலம்பஸ் கண்காட்சியில் நானூறு டாலர் போகும்.
என் முறை வந்தது.
"பதினொன்றையும் ஒன்றாகக் கணக்கு வை" என்றேன்.
"ஒன்று ஐந்து டாலர்கூடப் பெறாது, நெட்டா."
தெரியும்.

கூரையிலிருந்து விழுந்த பிறகு என் தம்பி டுவைட்டுக்குக் கொடுத்ததெல்லாம்
ஆரஞ்சு நிறக் குப்பிகள். பிளாஸ்டிக்.
அவன் பெயர் சுத்தமாக அச்சடித்திருக்கும்,
உணவுக்குப் பின் என்றிருக்கும்.
அழுத்தித் திருகும் மூடி,
குழந்தைகளால் திறக்க முடியாது.
குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவனுடைய லாரியின் முன்பெட்டியைத் திறந்தபோது
மடியில் கொட்டின.
ஐம்பதடிக் குழியின் அடுக்கையும் எண்ணுகிறவள் நான்
அவற்றை எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து வாளியில் ஊறப்போட்டேன்.
ஒன்றில் தக்கை இன்னும் இருந்தது,
அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.
முகரவில்லை. கழுவவுமில்லை.

மற்றவர்கள் ஜன்னலில் வைப்பார்கள், வெயில் பட.
நான் சமையலறை இழுப்பறையைத் திறந்து
ப்ராக்கோலிக் கட்டில் வரும் நீல ரப்பர் பேண்டுகளை எடுத்தேன்.
பட்டையானவை, மூன்று மாதச் சேமிப்பு.
ஒவ்வொரு குப்பிக்கும் நான்கு,
கழுத்துக்குக் கீழே, நெருக்கி.
அலமாரியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.
தடவிப் பார்த்தேன்.
தெரிகிறது.

பதினொன்றாவதுக்குப் போதவில்லை.
நாளைக்கு ப்ராக்கோலி வாங்க வேண்டும்,
எனக்கு அது பிடிக்காது என்றாலும்.