கை விட்டதும் கைவிட்டதும்

வின்னிபெக்கில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நகரப் பேருந்துகளில் தொலைந்ததெல்லாம்
வந்து சேரும் எங்கள் நிலவறைக்கு
இன்று காலை வந்தவை:
பதினேழு கையுறைகள், அத்தனையும் ஒற்றை,
மேல்வரிசைப் பல்செட் ஒன்று,
கல்லாய் உறைந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒரு பை.

எட்டே காலுக்குப் பக்கத்து மேசை பிரைனா
கைபேசியைப் பல்செட் டப்பாவில் சாய்த்துவைப்பாள்.
கைகள் அட்டை கட்டவேண்டும்,
அதனால் ஒலிபெருக்கியில்தான் பாடம்.
டால்முட். தினம் ஓர் ஏடு, இரண்டு பக்கம்.
ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டு.
ஏழரை என்றதும் எனக்குச் சனிதான் நினைவுக்கு வந்தது.
விளக்கிச் சொன்னேன்.
சரியாகத்தான் இருக்கிறது, என்றாள்,
மறுமுனையில் இருப்பது என் முன்னாள் கணவன்.

வெல்வெல் அவன் பெயர்.
பெயரிலேயே இரண்டு தரம் வெல்.
ஹாமில்டனில் ஒரு சமையலறையிலிருந்து
ரொட்டி கடித்துக்கொண்டே வாதாடுவான்.
வீட்டை, காரை, சமோவாரை எல்லாம்
வக்கீல்கள் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.
பாதியில் நின்ற ஏட்டைப் பிரிக்க மட்டும்
ஒருவருக்கும் தெரியவில்லை.
அதனால் இந்தத் தொலைபேசி.

பத்தொன்பது நாள் முன்பு புதுப் பகுதி தொடங்கியது:
இருவர் ஒரு சால்வையைப் பிடித்திருக்கிறார்கள்.
முழுதும் என்னுடையது என்கிறார் ஒருவர்.
முழுதும் என்னுடையது என்கிறார் மற்றவர்.
அன்று இரண்டு ஊர்களிலும் சத்தமே இல்லை.
நான் குடை அட்டைகளைச் சரிபார்ப்பதுபோல் இருந்தேன்.
வெல்வெல் இருமினான்.
அடுத்த வரி, என்றான்.

இன்றைய ஏடு எங்கள் அலுவலகத்துக்கே எழுதியதுபோல.
ஒரு பொருள் விழுந்துவிட்டது.
விழுந்தது உடையவருக்கு இன்னும் தெரியாது.
தெரிந்தால் போனது போனதுதான் என்று விட்டுவிடுவார்.
அப்படியானால், இப்போதே விட்டுவிட்டார் என்று
எடுத்தவர் வைத்துக்கொள்ளலாமா?
ஆகும் என்கிறார் ஓர் அறிஞர்.
ஆகாது என்கிறார் இன்னொருவர்.
ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேலாக
யாரோ ஒருவருடைய சில்லறைக்காக
இருவரும் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இது ஒரே ஓர் இடைவெளி:
கை விட்டது.
கைவிட்டது.
முதலாவது நடக்க நொடி போதும்.
இரண்டாவதற்கு, முதலில், பையைத் தடவிப் பார்க்கவேண்டும்.

நகராட்சிக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது.
முப்பது நாள். பிறகு தர்மக் கடை.
பிரைனா கூடையைக் கிளறிக்கொண்டே வாதாடினாள்.
மணிக்கட்டில் முயல் பொத்தான் வைத்த
பச்சைக் கையுறை ஒன்று, குழந்தையுடையது,
இன்றோடு கெடு முடிகிறது.
பழைய அட்டையைக் கிழித்தாள்.
இன்றைய தேதி போட்டுப் புதியது கட்டினாள்.
என்னைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு நாளைய ஏட்டில்.
முன்கூட்டிப் புரட்டுவதில்லை என்பது
வக்கீல் இல்லாமல் அவர்கள் செய்த ஒரே ஒப்பந்தம்.

வைக்கப்போகும்போது வெல்வெல் கேட்டான்,
சாம்பல் நிறத் தொப்பி ஒன்று, ஆறு வருடமிருக்கும்,
உன் வண்டியில் விட்டிருப்பேனோ?
அடையாளம் சொல், என்றாள்,
கவுண்டரில் எல்லோரையும் கேட்கிற அதே குரலில்.
உட்புறம் கிழிந்திருக்கும், என்றான்.
கறுப்பு நூல் தீர்ந்து
நீல நூலில் தைத்தாய்.

அவள் மேசையின் கடைசி இழுப்பறையில்
என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
தொப்பிகள் தனிப் பிரிவு, என்றாள்.
நாளைக்குக் கூப்பிடு.

கொழுக்கட்டைப் பை உருகி
மேசையில் குளம் கட்டியிருந்தது.
இதைத் தேடி யாரும் வரப்போவதில்லை, என்றேன்.
உனக்கெப்படித் தெரியும், என்றாள்,
குளிர்பெட்டியில் இடம் ஒதுக்கிக்கொண்டே.