வெளியே வராத தட்டு

கெப்போங் சர்வேயர் லாவ் விற்ற பழைய வீராவில்
ஏர்கான் சுமார், இடப்பக்கக் கண்ணாடி இறங்காது,
வானொலிக்குள் ஒரு சிடி மாட்டிக்கொண்டிருந்தது.
கழற்றித் தரவா என்றார்.
இருக்கட்டும், அதற்கும் சேர்த்து
ஐம்பது வெள்ளி குறையுங்கள் என்றேன்.

மூன்று வருடமாய்
அட்டை இல்லாத, பெயர் தெரியாத ஒரு பியானோ
என்னோடு ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஊர்கிறது.
இது ஜாஸ் என்று அலுவலகத்துப் பையன் சொன்னான்.
பாடுபவர் யாரும் இல்லை.
அதுதான் எனக்கு வசதி.

ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை.
காலை ஒன்பதிலிருந்து
அடுத்தவர் வாய்க்குள் நின்று பேசுகிறேன்.
திருடியவருக்கும் 'நான்',
பறிகொடுத்தவருக்கும் 'நான்'.
சாயங்காலம் என்னுடையதை எங்கே வைத்தேன் என்று
சாவியோடு சேர்த்துக் கைப்பையில் துழாவ வேண்டியிருக்கிறது.

இந்த விரல்கள் எதையும் பெயர்க்கச் சொல்வதில்லை.
வலக்கை ஒன்று கேட்கும்.
இடக்கை காதில் விழாததுபோல்
வேறெங்கோ நடந்துகொண்டிருக்கும்.

இன்று தம்பியை அடித்த வழக்கு.
செந்தூல் மரிசூசை, ஐம்பத்தெட்டு வயது.
ஏன் அடித்தீர்கள்?
மாஜிஸ்திரேட் கேட்டதைத் தமிழாக்கி
அவர் முன் வைத்தேன்.
கூண்டுக் கம்பியைப் பார்த்தார்.
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
வாய் திறந்தது,
மூடிக்கொண்டது.
"பதில் இல்லை, துவான்" என்றேன் மலாயில்.
அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

டூத்தா சந்திப்பில் மழை பிடித்துக்கொண்டது.
நான்காவது துண்டு.
நடுவில் அந்த ஆள் கையை எடுத்துவிடுவார்.
பழுது என்று நினைத்து
முதல் மாதமெல்லாம் பெட்டியைத் தட்டியிருக்கிறேன்.
பதினொரு நொடி.
நாற்காலி கிறீச்சிடும்.
யாரோ மூச்சை இழுத்து
விடாமல் வைத்திருப்பார்கள்.
பிறகு முன்பு வந்த அதே சுரம்,
அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்ததுபோல.

பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
எனக்கு முன்னே
இரண்டு கார் நீளத்துக்குச் சாலை காலியாகக் கிடந்தது.

மரிசூசை பதில் சொன்னார்.
நான்தான் பெயர்க்கவில்லை.

நாளை மறுபடி கூட்டிவருவார்கள்.
என்ன சொல்லலாம் என்று
பத்துமலை சிக்னல் வரை மலாயில் முனகிப் பார்த்தேன்.
ஒன்றும் அமையவில்லை.
கடைசியில் இவ்வளவுதான் தேறியது:
"துவான், இவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை."
அது என் வேலை இல்லை என்பார்கள்.
சரியாகத்தான் சொல்வார்கள்.

ஐந்தாவது துண்டை நான் முழுதாய்க் கேட்டதே இல்லை.
அதற்குள் வீடு வந்துவிடும்.
இன்றும் வந்துவிட்டது.
எஞ்சினை அணைக்கவில்லை.