தையல்

கிளாஸ்கோ. சனிக்கிழமை. பதினொரு மணி.
மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
கெல்வின் ஆற்றங்கரை மூலைக்கடையில்
மூன்று பேருக்கு நான்கு நாற்காலி கேட்டோம்.
ஹெல்மெட்டுகளும் உட்கார வேண்டுமே.

ரேடியேட்டர் மேல் ஷோனாவின் கையுறைகள்
செத்த மீன்களாய் மல்லாந்து கிடந்தன.
தட்டு வைக்க வந்த பையன்
மூச்சை அடக்கிக்கொண்டான், புண்ணியவான்.

உருளைக்கிழங்கு ஸ்கோன், கறுப்புப் புட்டிங்,
கரு உடையாத முட்டை இரண்டு.
வெளியே மழை விட்ட பிறகும்
எங்கள் நாற்காலிகளுக்கு அடியில் தூவானம் விடவில்லை.
பக்கத்து மேசையில் பிறந்தநாள் பலூன்.
குடையோடு வந்த உலர்ந்த மனிதர்கள்
தரையில் பரவும் எங்கள் குளத்தைப் பார்த்துப்
பாதங்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

"காசு கொடுத்தால் நனையாது," என்றான் இன்னஸ்.
அவன் கோட்டின் விலைக்கு
என் வண்டியைப் போல் ஒன்றரை வண்டி வாங்கலாம்.
"எல்லாம் நனையும்," என்றாள் ஷோனா, சாஸைக் குலுக்கியபடி,
"எத்தனையாவது மைலில் என்பதுதான் கணக்கு.
உனக்கு எங்கே ஒழுகுகிறது, மோர்வென்?"

முட்டை வாயில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?
"கால்சட்டை," என்றேன். "கவட்டுத் தையல்."
இரண்டு வருஷமாய் அதைத்தான் சொல்கிறேன்.
எர்ஸ்கின் பாலம் தாண்டியதும்
ஒரு பச்சைத்தண்ணீர் நாணயம்
அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
வீடு வரை இறங்காது, வாடகையும் தராது.

ஞாயிறு.
நடைவழி முழுக்கப் பரப்பினேன்:
சத்தியம் செய்துகொடுத்த கால்சட்டைகள் நான்கு,
ஜோடி பிரிந்த கையுறைகள் ஐந்து,
செய்தித்தாளை விழுங்கிக்கொண்டிருக்கும் பூட்ஸ்,
பாதி தீர்ந்த மெழுகு டப்பா,
எதை ஒட்ட வாங்கினேன் என்று மறந்துபோன டேப்.

கறுப்புக் கால்சட்டையைத்
தர்மத்துக்குப் போகிற பையில் போட்டேன்.
லோர்ன் அதைத் திரும்ப எடுத்தான்.
"விசாரிக்காமலே தண்டனையா, அம்மா?"
பதினாறு வயசு.
கையில் ஏற்கெனவே ஷவர் குழாய் இருந்தது.

குளியல் தொட்டிக்குள், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிறக் காலாடை;
ஈரம் பட்டால் சாம்பல் பொய் சொல்லாது.
துண்டு மாட்டும் கம்பியை ஹாண்டில்பாராய்ப் பிடித்தேன்.
"இன்னும் குனி. இப்போது அறுபது மைல்,"
என்று குழாயை முழுக்கத் திறந்தான்.
எஞ்சின் சத்தத்தையும் அவனே போட்டான்.

கால் மணி நேரம். முழங்கால், இடுப்பு, கவடு,
ஜிப்பின் நெடுக. பிறகு
ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
கால்சட்டையின் தையலை விளக்கில் பிடித்துப் பார்த்தோம்.
ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. குற்றமற்றது.
சாம்பல் சட்டையில்தான் ஆறு ஓடியிருந்தது:
கழுத்தில் பிறந்து, மார்பின் நடுவே இறங்கி,
தொப்புளில் வளைந்து,
கீழே போய்க் குளமாகி நின்றிருந்தது.

லோர்ன் என் கோட்டின் காலரைத் தூக்கினான்.
மேல் பொத்தான் மட்டும் புதுசாகப் பளபளத்தது.
மூன்று வருஷத்தில் ஒருமுறையும் மூடாத பொத்தான்.

தைராய்டை எடுத்த இடம் அது.
பதினோரு தையல். காலர் உரசினால்
யாரோ அங்கே விரலை வைத்துப்
பேசாதே என்பதுபோல் இருக்கும்.
அவனிடம் சொன்னதில்லை.
அவனும் கேட்கவில்லை. துண்டை நீட்டினான்.

கால்சட்டையிடம் மன்னிப்புக் கேட்டு மாட்டி வைத்தேன்.

இரவு ஷோனாவின் செய்தி: கண்டுபிடித்தாயா?
கண்டுபிடித்துவிட்டேன் என்று அடித்தேன்,
அழித்தேன்.
கண்ணாடி முன் நின்று காலரை மூடிப்
பத்து வரை எண்ணப் பார்த்தேன்.
ஆறில் திறந்துவிட்டேன்.

திங்கள் காலை மேற்கிலிருந்து கனமழை என்கிறார்கள்.
பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கழுத்துத்துணி கிடந்தது,
லோர்ன் சின்ன வகுப்பில் போட்டது,
துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது.
நான் வைக்கவில்லை.
புரட்டிப் பார்த்தேன். நீர் புகாது என்று
அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.